ஒரே தூரம், வேறு வேறு விலை: விமான டிக்கெட் கணக்கு

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் ரத்தாயின. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிய புதிய விதிகளுக்கு ஏற்ப அந்த நிறுவனம் போதிய ஆட்களைத் தயார் செய்து வைக்காததே முக்கியக் காரணம். பறந்துகொண்டிருந்த மிச்ச விமானங்களில் டிக்கெட் விலை தாறுமாறாக ஏறியது. உடனே ஒன்றிய அரசு உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 18,000. வரியும் விமான நிலையக் கட்டணங்களும் தனி.

பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. பேருந்திலும் ரயிலிலும் நாம் பழகிய முறை அது: தூரம் கூடினால் காசு கூடும். ஆனால் சாதாரண நாளில் எந்த விமான நிறுவனமும் கிலோமீட்டரை எண்ணி விலை போடுவதில்லை.

சென்னையிலிருந்து கிளம்பும் மூன்று ஜோடி ஊர்களை எடுத்துக்கொள்வோம். வான்வழியில் ஹைதராபாத்தும் தூத்துக்குடியும் ஏறத்தாழ ஒரே தூரம்; இரண்டும் 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோயம்புத்தூரும் மதுரையும் 400-ஐ ஒட்டி. கொல்கத்தாவும், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் அந்தமானின் போர்ட் பிளேரும் 1,400-க்குக் கொஞ்சம் குறைவு. கிலோமீட்டர் கணக்கு உண்மையென்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே விலை இருக்க வேண்டும். ஒரே தேதிக்குத் தேடிப் பாருங்கள், அப்படி அமைவது அபூர்வம்.

ஒரு தடத்தில் விமானம் விடலாமா கூடாதா என்பதைச் செலவு தீர்மானிக்கிறது. அந்த விமானத்தில் உங்களிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதை, உங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விமானக் கட்டணம் நமக்குப் புரியாத மர்மமாகத் தெரிகிறது.

தூரத்தை வைத்து விலை போட்ட காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1978 வரை சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அரசு அமைப்புதான் எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் பறக்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்று சொல்லும். மாநில எல்லையைத் தாண்டாத விமானங்கள் மட்டும் அதன் பிடியில் இல்லை. கலிஃபோர்னியாவுக்குள்ளேயே பறந்த பசிஃபிக் சவுத்வெஸ்ட் என்ற நிறுவனம், லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையே வாங்கிய கட்டணம், கிழக்குக் கரையில் அதே அளவு தூரத்துக்கு வாங்கியதில் கிட்டத்தட்டப் பாதிதான். கட்டுப்பாட்டை நீக்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்குக் கிடைத்த வலுவான சாட்சி அந்த ஒரு தடம். 1978-இல் சட்டம் வந்தது, கட்டணம் சுதந்திரமானது.

இந்தியாவில் 1953-இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. உள்நாடு முழுக்க இந்தியன் ஏர்லைன்ஸ், அரசு ஒப்புக்கொண்ட கட்டணம். 1994-இல்தான் அந்த நாட்டுடைமைச் சட்டம் ரத்தானது. தனியார் வந்த பிறகும் சில ஆண்டுகள் விலைப் பட்டியல் பழைய மாதிரியே ஓடியது. 2003-இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான்தான் ஒரே விமானத்தில் ஒருவர் ஒரு ரூபாய்க்கும் இன்னொருவர் பல ஆயிரத்துக்கும் பறக்கலாம் என்பதை நம் ஊருக்குக் காட்டியது. அந்த ஒரு ரூபாயைப் பலரும் விளம்பரத் தந்திரம் என்று நினைத்தார்கள். விளம்பரமும்தான். ஆனால் அதன் பின்னால் முப்பது வருடப் பழமையுள்ள ஒரு கணக்கு இருந்தது.

1972-இல் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் எழுதியது அந்தக் கணக்கு. இன்றைக்கும் உலகத்தின் டிக்கெட் விற்பனைக் கணினிகளுக்கு அடித்தளம் அதுதான். சுலபமானது, போட்டே பார்த்துவிடலாம். 186 இருக்கை உள்ள ஓர் ஏர்பஸ். முன்கூட்டி வாங்குபவர் 4,000 ரூபாய்தான் கொடுப்பார். கடைசி வாரத்தில் வருபவர் 10,000 கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு ஒருவர் 4,000-க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? அந்த இருக்கையைக் கொடுக்காமல் வைத்திருந்தால் பின்னால் 10,000-க்குப் போகும் வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொடுக்கக் கூடாது. அதற்குக் கீழே என்றால் கொடுத்துவிட வேண்டும். 10,000-இல் 40 சதவீதம் 4,000. அவ்வளவுதான் சூத்திரம்.

மீதியெல்லாம் அந்த வாய்ப்பை எப்படிக் கணிப்பது என்பதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை விமானத்துக்குக் கடைசி மூன்று நாளில் எத்தனை பேர் வந்தார்கள், செவ்வாய் மதியத்துக்கு எத்தனை பேர், போன வருடம் இதே பண்டிகையில் எப்படி, தேர்வு முடிந்த வாரத்தில் எப்படி என்று பழைய பதிவுகளை வைத்துத்தான் கணிக்கிறார்கள். 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பீட்டர் பெலோபாபா என்பவர் இதை இரண்டு விலையிலிருந்து பல விலைகளுக்கு விரித்தார். அதனால்தான் இன்று ஒரே எகானமி வகுப்புக்குள் பத்துக்கும் மேற்பட்ட விலை அடுக்குகள் இருக்க முடிகிறது. டிக்கெட்டில் ஓர் ஓரமாக ஒற்றை ஆங்கில எழுத்து அச்சாகியிருக்குமே, அது நீங்கள் எந்த அடுக்கில் வாங்கினீர்கள் என்பதன் அடையாளம். இருக்கை அதே இருக்கைதான், சாப்பாடும் அதேதான்.

இந்தக் கணக்கை ஆயுதமாக்கியவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல். 1981-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனம் வந்து, பெரிய நிறுவனங்களின் பயணிகளைக் கூட்டம் கூட்டமாக இழுத்துக்கொண்டிருந்தது. எல்லா டிக்கெட்டையும் அந்த விலைக்கு இறக்கினால் அமெரிக்கனுக்கு நஷ்டம், இறக்காவிட்டாலும் நஷ்டம். 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஒரு சலுகைக் கட்டணத்தை அறிவித்தது. முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு, எப்படியும் காலியாகப் போகும் என்று கணினி கணித்த இருக்கைகள் மட்டும் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விலைக்கு. அவசரக்காரர்களுக்கான இருக்கைகள் பழைய விலைக்கே. எதிராளியிடம் அப்படிப் பிரித்து விற்கும் கணினி இல்லை. 1987-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் கான்டினென்டலோடு கரைந்துபோனது. அதன் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, அளவுக்கு மீறி வேகமாக வளர்ந்தது அவற்றில் ஒன்று. ஆனாலும் விமான உலகம் அதிலிருந்து கற்றது ஒன்றைத்தான்: எல்லோருக்கும் ஒரே விலை என்று விற்பவர் தோற்பார். அமெரிக்கன் பின்னாளில் போட்ட கணக்கில், மூன்று ஆண்டுகளில் இந்த முறையால் கிடைத்த கூடுதல் பயன் 140 கோடி டாலர்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சந்தையில் கீரை விற்கும் அம்மா பொழுது சாயும்போது கட்டின் விலையைக் குறைப்பார், இல்லாவிட்டால் வாடிப்போகும். விமானத்தின் காலி இருக்கையும் கதவு மூடிய நொடியில் வீணாகிவிடும் சரக்குதான். ஆனால் அங்கே கடைசி நேரத்தில் விலை ஏறுகிறது. காரணம், பொழுது சாய்ந்து சந்தைக்கு வருபவர் மலிவு தேடி வருகிறார்; கடைசி நாளில் விமானம் தேடுபவர் போயே தீர வேண்டியவர். கடைசி நேரத்தில் குறைப்பார்கள் என்று ஊருக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் முன்கூட்டி யாருமே வாங்க மாட்டார்கள் என்ற பயமும் நிறுவனங்களுக்கு உண்டு. இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். கம்பெனிக் காசில் கூட்டத்துக்குப் போகிறவரும், அப்பா இறந்த செய்தி கேட்டு ஓடுகிறவரும் கணினிக்கு ஒரே ஆள். இருவருமே "விலையைப் பார்க்காதவர்கள்".

சரி, ஹைதராபாத்துக்கும் தூத்துக்குடிக்கும் வருவோம். இங்கே முதலில் செலவையே பார்க்க வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுதளம் நெடுங்காலம் 1,350 மீட்டர்தான். அதில் ஏர்பஸ், போயிங் இறங்க முடியாது. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் ஏடிஆர் மாதிரியான சிறிய விமானங்கள்தான் வந்துபோயின. இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கை. ஏர்பஸ் ஏ320-இல் 180-க்கும் மேல். இரண்டுக்கும் விமானிகள் இருவர். இரண்டும் ஆள் ஏற்றி இறக்கத் தரையில் அரைமணி நேர அளவில் நிற்கும், இரண்டுக்கும் தரைப் பணியாளர் வேண்டும். பங்கு போட ஆள் குறைவு என்பதால் தலைக்கு விழும் செலவு கூடுகிறது.

அந்த 78 என்ற எண்ணும் தற்செயலானதல்ல. 80 இருக்கைக்குக் குறைவான விமானங்களுக்கு உள்நாட்டுச் சேவையில் தரையிறங்கு கட்டணம் கிடையாது என்ற சலுகை நெடுநாளாக இருக்கிறது. விசிறி விமானங்களின் எரிபொருளுக்கும் விற்பனை வரியில் சலுகை உண்டு. தமிழ்நாட்டில் மற்ற விமானங்களின் எரிபொருளுக்கு 29 சதவீத மதிப்புக் கூட்டு வரி. நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் மாநிலத்துக்கு மாநிலம் இந்த வரி மாறுகிறது, ஒற்றை இலக்கத்துக்கு இறக்கிவிட்ட மாநிலங்களும் உண்டு. ஓர் இந்திய விமான நிறுவனத்தின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எரிபொருள்தான் என்பதால், எந்த ஊரில் எண்ணெய் நிரப்புவது என்பதே தனிக் கணக்கு. ஏடிஆருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகைகள் எல்லாம் சேர்ந்து சின்ன ஊர்த் தடத்தைப் பிழைக்க வைக்கின்றன, மலிவாக்கிவிடுவதில்லை.

ஆனால் செலவு பாதிக் கதைதான். சென்னை–ஹைதராபாத் தடத்தில் அதிகாலை முதல் இரவு வரை விமானங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள். ஒருவர் 6,000 கேட்டால் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும் இன்னொருவர் 4,500 கேட்பார். தூத்துக்குடியில் பல காலம் இண்டிகோவை விட்டால் ஆளில்லை. ஸ்பைஸ்ஜெட் வரும், போகும். ஒரே கடை இருக்கும் தெருவில் பேரம் எங்கே பேசுவது? 2025 ஜூலையில் புதிய முனையமும் 3,115 மீட்டருக்கு நீட்டிய ஓடுதளமும் திறக்கப்பட்டன. இப்போது ஏ320 இறங்க வழியிருக்கிறது. இறங்கினால் ஒரு இருக்கைக்கான செலவு குறையும். விலை குறையுமா என்றால், இரண்டாவது நிறுவனம் நிலையாக வந்து நின்றால்தான் குறையும்.

இந்தியாவில் இந்தப் போட்டி விஷயம் கவலைக்குரியதாகவே மாறிவருகிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. விஸ்தாரா ஏர் இந்தியாவில் கரைந்தது. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் இண்டிகோவில் போகிறார்கள், மீதியில் பெரும்பகுதி டாடாவின் ஏர் இந்தியா குழுமத்தில். டெல்லி–மும்பை மாதிரிப் பெரிய தடங்களில் இது அவ்வளவாகத் தெரியாது. சின்ன ஊர்களில் உடனே தெரியும்.

இரண்டாவது ஜோடியில் எதிராளி வானத்தில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறார். 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத், சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. அதற்கு முன்பே சதாப்தி இருந்தது. விமானத்தில் பறக்கும் நேரம் ஒரு மணிதான் என்றாலும், மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்து, சோதனை முடித்து, அங்கே இறங்கி ஊருக்குள் போக நாலு மணி நேரம் ஆகிவிடும். ஆக, விமானம் விற்பது இரண்டு மணி நேர மிச்சத்தைத்தான். அதற்கு யார் காசு கொடுப்பார்? காலையில் போய் ஆலை முதலாளியைப் பார்த்துவிட்டு இரவே திரும்ப வேண்டியவர் கொடுப்பார். பஞ்சாலை, பம்ப் செட், வார்ப்படத் தொழில் என்று அப்படிப்பட்டவர்கள் நிறைந்த ஊர் கோயம்புத்தூர். அதனால் அங்கே காலை முதல் விமானமும் இரவு கடைசி விமானமும் ஒரு விலை, மதிய விமானம் வேறு விலை. மதுரையில் குடும்ப விசேஷத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் கணிசம். அவர்கள் நேரத்தைவிடக் காசைப் பார்ப்பவர்கள், ராத்திரிப் பேருந்தோ ரயிலோ ஏறிவிடக்கூடியவர்கள். சாதாரண நாளில் அங்கே விலையை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது.

சாதாரண நாளில் என்று சொன்னதற்குக் காரணம் தீபாவளி. தீபாவளிக்கு முந்தைய நாள் சென்னையிலிருந்து தெற்கே போகும் விமானம் ஓர் இருக்கை மிச்சமில்லாமல் போகும். அதே விமானம் திரும்பி வரும்போது பெரும்பாலும் காலி. பண்டிகைக்கு யார் சென்னைக்கு வருகிறார்கள்? நிறுவனம் ஒரு சுற்றுப் பயணத்தின் முழுச் செலவையும் போகும் வழிப் பயணிகளிடமே எடுத்தாக வேண்டும். ஆம்னி பேருந்துக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள், நாமும் நம்ப மறுப்போம். இந்த வாதத்தில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. போகும் விலை இரண்டு மடங்கானால் காலி வண்டிக் கணக்குச் சரியாகிவிடும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயும் ரயில் டிக்கெட் தீர்ந்துபோனதன் விலை.

அப்புறம் போர்ட் பிளேர். கொல்கத்தாவுக்குச் சென்னையிலிருந்து ரயில் இருக்கிறது. ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆகும், ஆனாலும் இருக்கிறது. போர்ட் பிளேருக்குக் கப்பல்தான் மாற்று. மாதத்துக்குச் சில தடவைதான் கிளம்பும், போய்ச் சேர மூன்று நாள் அளவில் ஆகும். வேலைக்குப் போன அரசு ஊழியர், மருத்துவத்துக்குச் சென்னை வரும் தீவுவாசி, தேனிலவுக்குப் போகும் தம்பதி எல்லோரும் ஒரே சில விமானங்களுக்குப் போட்டி போடுகிறார்கள். அந்த விமானத்தளம் கடற்படையுடையது. சிவில் விமானங்கள் நினைத்த நேரத்தில் வந்துபோக முடியாது. ஆகவே தேவை கூடினாலும் விமானங்களை அதே வேகத்தில் கூட்ட முடிவதில்லை. டிசம்பர், ஜனவரி சுற்றுலா சீசனில் அங்கே விலை எப்படி ஏறும் என்பதைத் தீவுத் தமிழர்களிடம் கேட்டால் தெரியும். 1994 முதல் இருக்கும் ஒரு விதிப்படி, டெல்லி, மும்பை, சென்னை போன்ற முக்கியத் தடங்களில் பறக்கும் நிறுவனங்கள், அங்கே ஓட்டும் கொள்ளளவில் 10 சதவீதத்தையாவது வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு போன்ற இடங்களுக்கு ஓட்டியாக வேண்டும். விமானம் போக வேண்டும் என்பதை அந்த விதி உறுதி செய்கிறது, என்ன விலைக்கு என்று சொல்வதில்லை.

தடம் என்று பேசும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனம் சென்னை–தூத்துக்குடி என்று ஒரு கோட்டை விற்கவில்லை. தூத்துக்குடி–சென்னை, தூத்துக்குடி–டெல்லி, தூத்துக்குடி–கொல்கத்தா என்று பல சந்தைகளை அந்த ஒரே ஏடிஆருக்குள் விற்கிறது. அன்று மதியம் சென்னை–டெல்லி விமானம் காலியாக இருந்தால், டெல்லி வரை போகிறவருக்கு ஏடிஆரில் ஓர் இருக்கையை விட்டுக்கொடுப்பது லாபம், இல்லையென்றால் டெல்லி விமானத்தில் ஓர் இருக்கை வீணாகும். அந்த ஓர் இருக்கை போனதால் சென்னை வரை மட்டும் போகிறவருக்கு அடுக்கு ஒன்று மேலே ஏறிவிடும். இப்படித்தான் சில நாட்களில் இரண்டு விமானம் மாறிப் போகும் நீண்ட பயணத்துக்கும் முதல் விமானத்துக்கு மட்டும் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் விசித்திரமாகச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் இதைப் பயன்படுத்தி, தூரத்து ஊருக்கு டிக்கெட் வாங்கி நடுவில் இறங்கிக்கொள்ளும் பழக்கமே வளர்ந்தது. அதைத் தேடித் தரும் ஸ்கிப்லாக்ட் என்ற தளத்தின் மேல் யுனைடெட் 2014-இல் வழக்குப் போட்டது. கையில் பையை மட்டும் எடுத்துப் போனால்தான் அந்தத் தந்திரம் பலிக்கும், பெட்டி போட்டால் அது கடைசி ஊருக்குப் போய்விடும்.

வெளிநாட்டுத் தடங்களில் இன்னொரு கை உள்ளே வருகிறது. எந்த நாட்டு நிறுவனம் வாரத்துக்கு எத்தனை இருக்கையை, எந்தெந்த ஊர்களுக்கு ஓட்டலாம் என்பதை இரண்டு அரசுகள் பேசி ஒப்பந்தம் போடுகின்றன. திருச்சிக்கு ஏர் ஏசியா, ஸ்கூட், பாடிக் ஏர், ஸ்ரீலங்கன் என்று வெளிநாட்டு நிறுவனங்கள் வருகின்றன. மூன்று மணி நேரத்துக்குள் சாலையில் போய்விடக்கூடிய மதுரையோ பல நாடுகளுடனான ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. தென்மாவட்டக்காரர்கள் மலேசியா, சிங்கப்பூர் போகத் திருச்சிக்குக் காரில் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே ஒவ்வொரு தரப்பும் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைதான் ஓட்டலாம் என்ற அளவு 2014-இல் வைத்தது. அது பல ஆண்டுகளாக நிரம்பியே கிடக்கிறது. வளைகுடாவில் பள்ளிகள் கோடை விடுமுறை விடும் ஜூன் கடைசியில் எல்லாக் குடும்பங்களும் ஒரே வாரத்தில் ஊருக்குக் கிளம்புகின்றன. இருக்கையைக் கூட்ட வழியில்லை. விலைதான் கூடும்.

அரசு இதில் என்ன செய்ய முடியும்? விமான விதிகளில் 135 என்று ஒரு விதி 1937-இலிருந்து தொடரும் தொகுப்பில் இருக்கிறது. செலவு, சேவையின் தன்மை, நியாயமான லாபம், பொதுவாக நிலவும் கட்டணம் ஆகியவற்றைக் கருதி நிறுவனமே விலையை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. "நியாயமான" என்பதை யார் அளப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. நடைமுறையில் அரசு தலையிட்டது பெரும்பாலும் நெருக்கடியில்தான். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 மே 25 அன்று விமானங்கள் மீண்டும் பறந்தபோது, பறக்கும் நேரத்தை வைத்து ஏழு அடுக்காகப் பிரித்துக் குறைந்த விலையும் உயர்ந்த விலையும் நிர்ணயித்தார்கள். 40 நிமிடத்துக்குள் என்றால் 2,000 முதல் 6,000 வரை, டெல்லி–மும்பைக்கு 3,500 முதல் 10,000 வரை. மேல் வரம்பை எல்லோரும் கவனித்தார்கள். கீழ் வரம்பு எதற்கு என்று அதிகம் பேர் கேட்கவில்லை. பணபலம் உள்ள நிறுவனம் விலையை அடியோடு இறக்கி, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மற்றவர்களை ஒழித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. பயணிக்குக் கிடைத்திருக்கக்கூடிய மலிவு டிக்கெட்டை அது பறித்தது, போட்டியாளர்களைக் கொஞ்ச காலம் உயிரோடும் வைத்தது. 2022 ஆகஸ்ட் 31-இல் எடுத்துவிட்டார்கள்.

நெருக்கடி இல்லாத காலத்துத் தலையீடு என்றால், சின்ன ஊர்களுக்கு விமானம் விடுவதற்கான உடான் திட்டம்தான். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற அளவில் விமானத்தின் பாதி இருக்கைகளை விற்க வேண்டும், நஷ்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். அந்தப் பணம் முக்கியத் தடங்களில் பறக்கும் விமானங்களின் மேல் போட்ட தீர்வையிலிருந்து வருகிறது. சென்னை–டெல்லி பயணியின் டிக்கெட்டில் ஒரு துளி சேலத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்கு 2018 மார்ச்சில் ட்ரூஜெட் அப்படித்தான் வந்தது. அது நின்று, ஊர் சில காலம் விமானமில்லாமல் இருந்து, 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. மானியம் விலையைப் பிடித்துவைக்கலாம். ஆனால் ஊருக்குள் தினமும் 70 பேரைக் காசு கொடுத்து ஏற வைப்பது ஊரின் வேலை, அங்கே இருக்கும் தொழில்களின் வேலை.

பயணிக்கு இதிலெல்லாம் கையில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒரே டிக்கெட்டைத் திரும்பத் திரும்பத் தேடினால் கணினி நம்மை அடையாளம் கண்டு விலையை ஏற்றுகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மேலே சொன்ன அடுக்குகளை நினைத்துப் பாருங்கள். நீங்கள் டீ குடித்து வரும் பத்து நிமிடத்தில் அடியில் இருந்த அடுக்கின் கடைசி இருக்கையை வேறு யாரோ வாங்கியிருப்பார், அதற்கு உங்களை அடையாளம் காட்ட உங்கள் கணினியில் தளங்கள் போட்டுவைக்கும் குக்கீ என்ற சின்னக் குறிப்பு தேவையில்லை. அதேபோல் விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும் விதியல்ல. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்றால் மூடிய அடுக்கு மறுபடி திறக்கும்.

அடுக்கு முறையால் வரும் ஒரு சின்ன ஓட்டை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளத் தக்கது. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால் பெரும்பாலான அமைப்புகள் நாலு பேருக்கும் ஒரே அடுக்கில் இடம் தேடும். அடியில் உள்ள அடுக்கில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், நாலு பேருக்கும் மேல் அடுக்கு விலை காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். விலை குறைவாக வந்தால் இரண்டு, மூன்று என்று கூட்டிப் பார்த்து, எங்கே தாவுகிறதோ அங்கே டிக்கெட்டைப் பிரித்து வாங்கலாம். ஒரே குடும்பம் இரண்டு பதிவு எண்களில் போகும். விமானம் ரத்தானால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும், குழந்தைகள் இருந்தால் யாராவது பெரியவர் அவர்களோடு ஒரே பதிவில் இருக்க வேண்டும். மிச்சம் சில நூறு ரூபாய்தான் என்றால் அந்த அலைச்சலுக்கு அது காணாது.